ஸ்பெயினுக்குப் போகும் பிள்ளைகளுக்கு மதுரையிலேயே ஒரு மொழி வகுப்பு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தேர்வு முடிவுகள் வெளியாகும் காலம் வந்துவிட்டால், மாட்டுத்தாவணியிலிருந்து காளவாசல் வரை வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை நிறுவனங்களின் பதாகைகளைப் பார்க்கலாம். முன்பெல்லாம் அவற்றில் இங்கிலாந்து, கனடா, ஆஸ்திரேலியா என்ற பெயர்களே பெரிய எழுத்தில் இருக்கும். அந்நாடுகளில் கட்டணமும் விசா நிபந்தனைகளும் இறுகிய பிறகு, ஸ்பெயின் என்ற பெயரும் இப்போது கண்ணில் படுகிறது. குறைந்த கட்டணம், ஐரோப்பியப் பட்டம், ஆங்கிலத்திலேயே படிக்கலாம் என்று பெற்றோரிடம் சொல்கிறார்கள். முதல் இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. மூன்றாவதை நம்பி, ஒரு சொல் ஸ்பானிய மொழி தெரியாமல் நம் பிள்ளைகள் விமானம் ஏறுவதைத் தடுக்க மதுரையில் ஏதாவது செய்தாக வேண்டும் என்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் மதுரைக் கல்லூரி ஒன்றில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவள். என்னிடம் படித்தவர்களும் அவர்களுடைய தம்பி தங்கைகளும் வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கும்போது கட்டுரையைத் திருத்தித் தரச் சொல்லி வீட்டுக்கு வருவார்கள். அப்படி வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, மொழி படிக்கிறாயா என்பதுதான். "பாடமெல்லாம் இங்கிலீஷ்லதானே மேடம், போய்ப் பார்த்துக்கலாம்" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் பதில்.

உசிலம்பட்டியில் இருக்கும் என் அண்ணன் மகள் தெற்கு ஸ்பெயினில் உள்ள கிரனாடாவில் முதுகலை படித்தாள். பாடம் ஆங்கிலத்தில் என்று எழுத்திலேயே உறுதி தந்திருந்தார்கள். அந்த உறுதியை அவர்கள் மீறவும் இல்லை. ஆனால் அங்கே போய்ச் சேர்ந்த சில வாரங்களில் தொலைபேசியில் அவள் சொன்னது இது: "அத்தை, கிளாஸ்ல எல்லாம் புரியுது. கிளாஸ் முடிஞ்சதுக்கு அப்புறம்தான் ஒண்ணும் புரியல." வகுப்பு முடிந்ததும் மாணவர்கள் தங்களுக்குள் ஸ்பானிய மொழிக்கு மாறிவிடுவார்கள். குழுவாகச் செய்ய வேண்டிய ஆய்வுப் பணியை யார் எந்தப் பகுதியை எழுதுவது என்பது காப்பி குடிக்கும் இடத்தில் ஐந்து நிமிடத்தில் முடிவாகிவிடும். இவளுக்குக் கடைசியில் ஒருவர் ஆங்கிலத்தில் சுருக்கிச் சொல்வார். துறையின் அறிவிப்புப் பலகை, நூலக விதிமுறை, அலுவலகத்திலிருந்து வரும் மின்னஞ்சல் எல்லாம் ஸ்பானிய மொழியில்தான். அதில் யாருடைய குற்றமும் இல்லை. அது அவர்கள் நாடு, அவர்கள் மொழி.

வீட்டு விஷயம் இதைவிடக் கடினம். அங்கே பழைய குடியிருப்புகள் பலவற்றில் வெந்நீருக்கும் அடுப்புக்கும் ஆரஞ்சு நிறச் சிலிண்டரில் வரும் புட்டேன் வாயுதான். நம் ஊரைப் போலவே தொலைபேசியில் பதிவு செய்ய வேண்டும். கிரனாடா பனிமலை அடிவாரத்து ஊர். ஜனவரி மாதக் குளிர் கடுமையானது. அந்தக் குளிரில் ஒரு மாலை சிலிண்டர் தீர்ந்துவிட, அவள் தெருப் பெயரையும் கதவு எண்ணையும் மனப்பாடம் செய்துகொண்டு அழைத்திருக்கிறாள். மறுமுனையில் இருந்தவர் எத்தனையாவது மாடி, படியேறினால் இடப்பக்கமா வலப்பக்கமா என்று கேட்டிருக்கிறார். அங்கே முகவரியில் அதுவும் உண்டு என்பதோ, அந்தச் சொற்களோ இவளுக்குத் தெரியாது. இரண்டு முறை கேட்டுவிட்டு அவர் வைத்துவிட்டார். பக்கத்து வீட்டு மூதாட்டி வந்து பேசி முடிக்கும்வரை, பல் துலக்கவும் பனிநீர் போன்ற தண்ணீர்தான். அந்த மூதாட்டியிடமே மாலை நேரங்களில் உட்கார்ந்து பேசிப் பேசித்தான் அவள் மொழி கற்றாள். இன்று அவள் சரளமாகப் பேசுகிறாள் என்பது எனக்குப் பெருமை. ஆனாலும் அந்த முதல் ஆறேழு மாதங்கள் அவளுக்கு இத்தனை தனிமையாகக் கழிந்திருக்க வேண்டியதில்லை.

அதிலும் தெற்கு ஸ்பெயினான அந்தலூசியாவில் பேச்சு வழக்கு வேறு. சொல்லின் கடைசியில் வரும் 'ஸ்' ஒலியைப் பெரும்பாலும் விழுங்கிவிடுவார்கள். செயலியில் பாடம் படித்துவிட்டு அங்கே போய் இறங்குவது, வானொலிச் செய்தித் தமிழை மட்டும் கேட்டுப் பழகிய ஒருவர் உசிலம்பட்டிச் சந்தையில் விலை பேச நிற்பது போலத்தான். ஆகவே செல்பேசிச் செயலி போதும் என்று நினைக்கும் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன்: வாய்விட்டுப் பேசி, எதிரில் இருப்பவர் திருத்தி, மறுபடி பேசிப் பழகும் வகுப்புக்கு அது ஈடாகாது.

மொழி தெரியாததால் வரும் இடர்கள் சிலிண்டரோடு நிற்பதில்லை. போய்ச் சேர்ந்தவுடன் நகராட்சி அலுவலகத்தில் குடியிருப்பைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு வாடகை ஒப்பந்தம் காட்ட வேண்டும். அந்த ஒப்பந்தம் ஸ்பானிய மொழியில் இருக்கும். ஆறு மாதத்துக்கு மேல் தங்குகிறவர்கள், நாட்டுக்குள் நுழைந்த ஒரு மாதத்துக்குள் வெளிநாட்டவர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கான நேர ஒதுக்கீடு கிடைப்பதே பல ஊர்களில் பெரும்பாடு. படித்துக்கொண்டே வாரத்துக்கு 30 மணி நேரம் வரை வேலை செய்ய உயர்கல்வி மாணவர்களுக்கு அங்கே அனுமதி உண்டு என்று ஆலோசனை நிறுவனங்கள் சொல்வது உண்மைதான். ஆனால் மாணவர்களுக்குக் கிடைக்கும் வேலைகளில் பெரும்பாலானவை உணவகத்திலும் கடையிலும் இருப்பவை. வருகிற வாடிக்கையாளர் என்ன கேட்கிறார் என்றே புரியாதவரை யார் வேலைக்கு வைப்பார்கள்? 'வேலை பார்த்துச் செலவைச் சமாளித்துக்கொள்வான்' என்று கணக்குப் போட்டுத் தோட்டத்தை அடகு வைக்கும் தகப்பனார், இந்தக் கணக்கில் மொழியையும் ஒரு வரியாக எழுதிப் பார்க்க வேண்டும்.

ஸ்பெயின் முழுவதும் ஒரே மொழி என்று எண்ணுவதும் சரியல்ல. அந்நாட்டில் 17 தன்னாட்சிப் பகுதிகள் உள்ளன. கத்தலோனியாவிலும் பலேயாரிக் தீவுகளிலும் கத்தலான் மொழியும், வலென்சியாவில் அதன் வடிவமான வலென்சிய மொழியும், கலீசியாவில் கலீசிய மொழியும், பாஸ்க் பகுதியில் பாஸ்க் மொழியும் ஸ்பானிய மொழியுடன் சேர்ந்து ஆட்சிமொழிகளாக இருக்கின்றன. பார்சலோனாவின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பல பாடங்கள் கத்தலானில் நடக்கின்றன. ஸ்பானிய மொழியை ஓரளவு படித்துவிட்டுப் போன என் பழைய மாணவன் ஒருவன், முதல் வாரத்தில் ஒரு விருப்பப் பாட வகுப்பில் உட்கார்ந்து, தான் படித்த மொழி இதுதானா என்று திகைத்துப் போனதாக எழுதியிருந்தான். தங்கள் மொழி மீது அந்த மக்கள் வைத்திருக்கும் பற்றைத் தமிழருக்கு விளக்கத் தேவையில்லை. அதை மதித்துத்தான் போக வேண்டும். ஒவ்வொரு பாடத்துக்கும் பல்கலைக்கழக இணையதளத்தில் பாடவழிகாட்டி ஒன்று வெளியிடுகிறார்கள். பாடம் எந்த மொழியில் நடக்கும் என்பதும் அதில் இருக்கும். விண்ணப்பிக்கும் முன் அதைத் திறந்து பார்த்தாலே போதும்.

மொழியைப் பற்றிப் பேசும்போது மருத்துவம் படிக்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கையை அழுத்தமாகச் சொல்லியாக வேண்டும். நீட் தேர்வில் எதிர்பார்த்த இடம் கிடைக்காத பிள்ளைகளின் பெற்றோரை நோக்கி எந்த நாட்டின் பெயரைச் சொல்லியும் யாரும் வரலாம். தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பரில் கொண்டுவந்த விதிகளின்படி, வெளிநாட்டில் பெற்ற மருத்துவப் பட்டத்துடன் இந்தியாவில் பணிபுரிய வேண்டுமானால், படிப்பு குறைந்தது 54 மாதம் நடந்திருக்க வேண்டும், அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி முடித்திருக்க வேண்டும், பயிற்றுமொழி ஆங்கிலமாக இருக்க வேண்டும். ஸ்பெயினிலோ தென் அமெரிக்காவிலோ ஸ்பானிய மொழியில் மருத்துவம் படித்துவிட்டு வந்தால், அந்தப் பட்டம் எவ்வளவு தரமானதாக இருந்தாலும், இந்த விதி குறுக்கே நிற்கும். 'முதல் ஆண்டு ஆங்கிலம், பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்ற பேச்சுக்கு ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்காதீர்கள்.

அடுத்தது பட்டத்தின் தகுதி. ஸ்பெயினில் முதுகலைப் பட்டம் இரு வகைப்படும். அரசு அங்கீகாரம் பெற்று, ஐரோப்பா முழுவதும் செல்லுபடியாகி, முனைவர் பட்ட ஆய்வுக்கும் வழிவிடும் அதிகாரப்பூர்வப் பட்டம் ஒன்று. பல்கலைக்கழகமோ வணிகப் பள்ளியோ தன் பெயரில் தானே வழங்கும் 'தீத்துலோ புரோப்பியோ' மற்றொன்று. இரண்டாவது வகை மோசடியல்ல; சில தொழில்களில் அதற்கு மதிப்பும் உண்டு. ஆனால் முதலாவதற்கு உள்ள சட்டத் தகுதி அதற்குக் கிடையாது. சான்றிதழின் தாளையும் முத்திரையையும் பார்த்து நாம் வேறுபாடு காண முடியாது. மேலூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று, இங்குள்ள ஓர் ஆலோசனை நிறுவனத்தின் சொல்லை நம்பி, லட்சக்கணக்கில் கட்டி மகனை இரண்டாவது வகைப் படிப்பில் சேர்த்தது. திரும்பி வந்து முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பித்தபோதுதான் அந்தப் பையனுக்கு விவரம் தெரிந்தது. அவனுடைய தாயார் அந்தக் கோப்பை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தபோது, அவருக்குச் சொல்ல என்னிடம் ஆறுதல் எதுவும் இருக்கவில்லை. ஸ்பெயின் அரசு தன் அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகங்கள், மையங்கள், பட்டங்கள் அனைத்தையும் ஒரு பதிவேட்டில் தொகுத்து இணையத்தில் வைத்திருக்கிறது. 'ருக்த்' (RUCT) என்று அதன் சுருக்கப் பெயரால் தேடினால் கிடைக்கும். யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பார்க்கலாம். ஆனால் அதை வாசித்துப் புரிந்துகொள்ளவும் கொஞ்சம் ஸ்பானிய மொழி வேண்டும். இங்கே திரும்பியபின் வெளிநாட்டுப் பட்டங்கள் இந்தியப் பட்டங்களுக்கு இணையானவை என்று காட்டும் இணைச்சான்று வழங்கும் பொறுப்பை 2025-ஆம் ஆண்டு விதிமுறைகளின் வழியாகப் பல்கலைக்கழக மானியக் குழு ஏற்றிருக்கிறது. அதையும் போகும் முன்பே படித்துப் பார்க்க வேண்டும்.

ஆவணங்களைப் பற்றி நீட்டி எழுதப் போவதில்லை. பட்டச் சான்றிதழுக்கு முதலில் மாநில அரசின் சான்றொப்பம், பிறகு வெளிநாட்டில் ஏற்கத்தக்கது என்று காட்டும் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை, அதன்பின் அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரின் ஸ்பானிய மொழிபெயர்ப்பு என்று வரிசை உண்டு. 180 நாளுக்கு மேல் தங்குவோருக்குக் காவல்துறைத் தடையின்மைச் சான்றும் மருத்துவச் சான்றும் வேண்டும். தடையின்மைச் சான்றை நம் மதுரை பாஸ்போர்ட் அலுவலகத்திலேயே பெறலாம் என்பது ஒரு வசதி. மாதம் 600 யூரோ என்ற அளவில் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும் என்பது அண்மை ஆண்டுகளின் நடைமுறை. கல்விக் கட்டணம் பகுதிக்குப் பகுதி மாறுபடுகிறது. ஐரோப்பியர் அல்லாதவர்களிடம் கூடுதலாக வாங்கும் பகுதிகளும் உண்டு.

பணமில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கும் வழி இருக்கிறது என்பதை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதை எந்தப் பதாகையும் சொல்வதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் கூட்டு முதுகலைத் திட்டத்தில் ஸ்பெயின் பல்கலைக்கழகங்கள் பல பங்கேற்கின்றன. அதன் உதவித்தொகைக்குத் தேர்வாகிறவர்களுக்குக் கல்விக் கட்டணம் இல்லை. மாதம் 1,400 யூரோ வீதம் 24 மாதம் வரை உதவித்தொகை உண்டு. ஆண்டுதோறும் இதைப் பெறுவோரில் இந்திய மாணவர்கள் கணிசமானவர்கள். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களின் அயல்நாட்டு உயர்கல்விக்குத் தமிழக அரசும் மத்திய அரசும் தனித்தனியே உதவித்தொகை தருகின்றன. ஆலோசனை நிறுவனங்களுக்கு இவற்றில் தரகு கிடைக்காது என்பதால் இவை பிள்ளைகளின் காதுக்கே வருவதில்லை. திருமங்கலத்திலும் வாடிப்பட்டியிலும் கல்லூரிக்குப் பேருந்தில் வந்துபோகும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளில் எத்தனை பேர் இந்தப் பெயர்களைக் கேள்விப்பட்டிருப்பார்கள் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

ஸ்பானிய மொழி நமக்கு எட்டாத ஒன்று என்று யாரும் அஞ்ச வேண்டியதில்லை. ஆங்கிலத்தைப் போல எழுத்து ஒன்று, ஒலிப்பு ஒன்று என்ற தொல்லை அதில் மிகக் குறைவு. விதிகளைக் கற்றுக்கொண்டால் கண்ணில் படும் சொல்லை அப்படியே வாசித்துவிடலாம். உயிரொலிகள் ஐந்துதான். நம் ஞகரமும் அழுத்தி ஒலிக்கும் றகரமும் அவர்களிடமும் உண்டு. ஆங்கிலேய மாணவர்கள் தடுமாறும் இடத்தில் நம் பிள்ளைகள் முதல் நாளே சரியாகச் சொல்லிவிடுவார்கள். நாம் 'வந்தேன்' என்றால் 'நான்' என்று தனியே சொல்ல வேண்டாம் அல்லவா, அவர்கள் வினைச்சொல்லும் அப்படியே வந்தவர் யாரென்று காட்டிவிடும். பெரியவரிடம் பேசுவதற்கு ஒரு வடிவம், தோழனிடம் பேசுவதற்கு ஒரு வடிவம் என்ற வேறுபாடும் உண்டு. உயிரில்லாப் பொருளுக்கும் ஆண்பால் பெண்பால் இருப்பதுதான் நமக்குப் புதிது. அது பழகப் பழக வரும். 20 நாடுகளின் ஆட்சிமொழி அது. அதைத் தாய்மொழியாகப் பேசுவோர் கிட்டத்தட்ட 50 கோடிப் பேர். ஸ்பெயினுக்குப் போகாமல் மெக்சிகோவுக்கோ அர்ஜென்டினாவுக்கோ போனாலும், இங்கேயே ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தாலும், கற்ற மொழி வீணாகாது.

பயணம் எதிர்த்திசையில் நடந்த காலத்தில் என்ன செய்தார்கள் என்பதற்கு நம் கடற்கரையிலேயே சான்று உண்டு. இன்றைய ஸ்பெயினின் நவார்ரா பகுதியில் பிறந்த பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது, முதல் வேலையாகத் தமிழ் தெரிந்தவர்களைக் கூட்டிச் செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, அவற்றை மனப்பாடம் செய்துகொண்டு ஊர் ஊராகப் போனதைத் தம் கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

இனி என் கோரிக்கை. தில்லியில், ஸ்பானிய மொழியைக் கற்பிக்கும் ஸ்பெயின் அரசின் செர்வாந்தெஸ் நிறுவனம் 2009 முதல் இயங்குகிறது. அந்நிறுவனம் நடத்தும் தெலே (DELE) என்ற ஸ்பானிய மொழித் தேர்வுக்கு ஆறு நிலைகள். ஒருமுறை தேறினால் அந்தச் சான்றிதழ் காலாவதியாவதில்லை. ஸ்பானிய மொழியிலேயே முதுகலை படிக்க ஸ்பெயினில் பொதுவாக நான்காம் நிலையான பி2 கேட்கிறார்கள். ஆங்கிலவழியில் படிக்கப் போகிறவர்களும் முதல் இரண்டு நிலைகளையாவது இங்கேயே முடித்துவிட்டால், வாடகை ஒப்பந்தமும் சிலிண்டரும் அவர்களை அலைக்கழிக்காது. இதற்குப் பிள்ளைகள் சென்னைக்கும் தில்லிக்கும் போய்த் தங்க முடியுமா? புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் இடமும் வசதியும் இருக்கின்றன. மாலைப் பேருந்துகளும் உண்டு. அங்கே வார இறுதியில் ஒரு தொடக்கநிலை வகுப்பும் ஸ்பானிய நூல்களுக்கு ஓர் அலமாரியும் கேட்பது பெரிய கோரிக்கை அல்ல. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளுக்கு ஒரு மாலைநேரச் சான்றிதழ்ப் படிப்பை வகுத்துத் தரலாம். கற்பிக்க ஆள் எங்கே என்று கேட்பார்கள். என் அண்ணன் மகளைப் போல அங்கே வாழ்ந்து, மொழியை வாழ்க்கையிலிருந்து கற்றுத் திரும்பியவர்கள் இந்த வட்டாரத்தில் இருக்கிறார்கள். உரிய தேர்வில் தேறிய அவர்களைப் பகுதிநேர ஆசிரியர்களாக அமர்த்த வேண்டும். இலக்கணத்துக்கு இணையவழியில் தேர்ந்த ஆசிரியர் ஒருவரை ஏற்பாடு செய்துகொண்டு, பேச்சுப் பயிற்சியை இவர்கள் நேரில் நடத்தினால் தொடக்கத்துக்கு அதுவே போதுமானது.

தமிழையே ஒழுங்காக எழுதத் தெரியாத பிள்ளைகளுக்கு இன்னொரு மொழியா என்று என் சக ஆசிரியர்கள் சிலர் கேட்கிறார்கள். அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். தமிழ்ப் பாடத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை வைக்க வேண்டும் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். போவதென்று முடிவெடுத்துவிட்ட பிள்ளைக்கு, விருப்பத்தின் பேரில், பாட நேரத்துக்கு வெளியே ஒரு வகுப்பு, அவ்வளவே.

அதே வகுப்பறையில் மாதம் ஒருமுறை, பதிவேட்டைப் பார்ப்பது எப்படி, பாடவழிகாட்டியை வாசிப்பது எப்படி, எந்த உதவித்தொகைக்கு எப்போது விண்ணப்பிப்பது என்று பெற்றோருக்கும் சேர்த்துத் தமிழில் சொல்லித்தர வேண்டும். கட்டணம் வாங்காத, தரகு எதிர்பார்க்காத ஒருவர் அதைச் சொல்ல வேண்டும்.

ஸ்பெயினில் கல்வியாண்டு செப்டம்பரில் தொடங்குகிறது. இறுதியாண்டு மாணவர் ஒருவர் இங்கே ஜூலையில் வகுப்பில் சேர்ந்தால், புறப்படும் முன் முழுதாக ஓராண்டுக்கு மேல் கிடைக்கும். வாரம் நான்கைந்து மணி நேரம் ஒதுக்கினாலும் முதல் இரண்டு நிலைகளை அதற்குள் முடித்துவிடலாம். எராஸ்மஸ் முண்டஸ் விண்ணப்பங்கள் பெரும்பாலும் அக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கேட்கப்படுகின்றன. ஆகவே வருகிற ஜூலையில் வகுப்பு தொடங்க வேண்டுமானால், கல்லூரி முதல்வர்களும் நூலக நிர்வாகமும் இந்தக் கோடை விடுமுறைக்குள் கூடிப் பேசியாக வேண்டும். அவர்களில் யாரேனும் முன்வந்தால், விண்ணப்பக் கட்டுரைகளைத் திருத்தித் தரும் பணியை நான் ஊதியமின்றிச் செய்யத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கல்லூரிப் பேராசிரியை,
திருநகர், மதுரை.